மங்களம் இல்லாத கச்சேரி

ஈரோட்டில் வீட்டு வசதி வாரியக் குடியிருப்பின் சி பிளாக்கில், இரண்டாம் மாடியில் குடியிருந்த துளசிமணி, இலவசமாகக் கிடைக்கும் பழைய கச்சேரிகளை இணையத்திலிருந்து இறக்க ஆரம்பித்த ஆறாவது வருஷத்தில், ஒரு வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, ஒரு கச்சேரியோடு சேர்த்து ஐந்து ஆட்களையும் இறக்கிவிட்டாள்.

இலவசமாக இறக்குவது லேசான காரியம் என்று நினைப்பவர்கள் இறக்கிப் பார்க்காதவர்கள். ஒரு பக்கத்தைத் திறந்தால் 'இங்கே இறக்கு' என்று பச்சையாகப் பத்து பொத்தான் இருக்கும். அதில் ஒன்று உங்களுக்குக் கைபேசி பரிசு விழுந்திருக்கிறது என்று சொல்லும், ஒன்று உங்கள் கணினி செத்துக்கொண்டிருக்கிறது என்று பதறும், ஒன்று ஏதோ ஒரு ஊர் அழகி உங்களோடு பேசக் காத்திருக்கிறாள் என்று கண்ணடிக்கும், நிஜமான பொத்தான் மட்டும் கீழே ஒரு மூலையில், பந்தியில் இடம் கிடைக்காத விருந்தாளி மாதிரி, சாம்பல் நிறத்தில் சின்னதாக நின்றுகொண்டிருக்கும். அதைத் தேடிப் பிடித்து அமுக்கினால் 'இந்தக் கோப்பு இப்போது இல்லை' என்று வரும். இவை எல்லாவற்றையும் தாண்டி துளசிமணி நாலாயிரத்து இருநூறு கச்சேரிகள் சேர்த்திருந்தாள், ஆனால் அதில் ஒன்றையாவது பாட்டுக்காகக் கேட்டாளா என்றால் இல்லை. பாட்டு நடக்கும்போது அவள் வெங்காயம் உரிப்பாள். பாட்டு நிற்கிற இடத்தில், பாடகர் தண்ணீர் குடிக்கும்போது, கூட்டம் கனைத்துக்கொள்ளும்போது, அப்போதுதான் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் காதைக் கொடுப்பாள்.

அவள் தேடியது ஒரே ஒரு 'அடடடா'.

அவளுடைய அப்பா சென்னியப்பன், பவானியில் ஒரு ஜமக்காளச் சங்கத்தில் எழுத்தராக இருந்தவர், அவளுக்கு ஏழு வயதாக இருக்கும்போது ஆடி வெள்ளத்தில் ஆற்றோடு போய்விட்டார். வீட்டில் மிஞ்சியது ஒரு கல்யாண போட்டோ. அதில் மூச்சு விடாதே என்று யாரோ மிரட்டி நிற்கவைத்த மாதிரி இருந்தார். குரல் எதிலும் இல்லை. ஆனால் அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள், உங்கப்பன் கச்சேரியில் உட்கார்ந்து 'அடடடா' போட்டால் அது மேடை மைக்கில் போய் விழும், ஒரு தடவை பாடகரே பாட்டை நிறுத்திவிட்டு அவருக்குக் கும்பிடு போட்டார் என்று. சொல்லிவிட்டு அம்மா அதைப் போட்டும் காட்டுவாள்: மூன்று 'ட', கடைசி 'டா' மட்டும் கிணற்றில் வாளி இறங்குவதுபோல இழுத்துக்கொண்டே கீழே போகும். மைக்கில் விழுந்தது டேப்பில் விழுந்திருக்கும், டேப்பில் விழுந்தது என்றாவது ஒருநாள் நெட்டில் ஏறியிருக்கும் என்பது துளசிமணியின் கணக்கு. தொலைபேசி நிலையத்தில் முப்பத்து மூன்று வருஷம் காதில் கருவி மாட்டி உட்கார்ந்திருந்து விருப்ப ஓய்வு வாங்கியவள் அவள். ஹலோ சொல்வதற்கு முன்னால் இழுக்கிற மூச்சை வைத்தே பேசப்போவது யார் என்று சொல்லிவிடுவாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடமெல்லாம் லைன் பிஸியாக இருந்தது என்றாள்.

அந்த வியாழக்கிழமை இறங்கிய கோப்பின் பெயர் 'பவானி ராமநவமி எழுபத்திரண்டு, பாகம் ஒன்று, பாடியவர் தெரியவில்லை, ஓசை சுமார்'. அவள் அதைப் போட்டுவிட்டுக் கத்திரிக்காய் அரியப் போனாள். முதலில் ஒரு இருமல் கேட்டது. திரும்பிப் பார்த்தால் சோபாவில் அந்த இருமலுக்குரியவர், மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, தாசில்தார் மாதிரியான ஒரு தோரணையில் உட்கார்ந்திருந்தார். வர்ணம் முடிந்ததும் இரண்டு பெண்கள், ஒருத்தி காதில் ஒருத்தி கிசுகிசுத்தபடி, ஹாலில் விரித்திருந்த ஜமக்காளத்தில் இருந்தார்கள். அடுத்த பாட்டின் நடுவில் 'எம்.டி.இ. நாலு நாலு ஒண்ணு ரெண்டு அம்பாசடர் வண்டி வழியை மறிச்சுக்கிட்டு நிக்குது' என்ற அறிவிப்பும், அதைச் சொன்ன சபா காரியதரிசியும் வந்து சேர்ந்தார்கள். பாடியவர்களும் வாசித்தவர்களும் பாட்டுக்குள்ளேயே இருந்துகொண்டார்கள். பாட்டுக்கு வெளியே சத்தம் போட்டவர்கள் மட்டும் வெளியே வந்தார்கள், அது நியாயம்தான்.

பிறகு தோடி ராகம் ஆரம்பித்தது. அது மெல்ல மேலே ஏறி, ஒரு இடத்தில் நின்று, இறங்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு இறங்கியபோது, துளசிமணியின் முதுகுக்குப் பின்னால் யாரோ 'அடடடா' என்றார்கள். மூன்று 'ட'. கடைசி 'டா' வாளிபோல இறங்கிப் போயிற்று.

கத்தி விரலில் பட்டுவிட்டது. அவள் விரலை வாயில் வைத்துக்கொண்டே திரும்பினாள். நீலப் பிளாஸ்டிக் நாற்காலியில் முப்பத்தொரு வயதுச் சென்னியப்பன், முழங்கைவரை மடித்துவிட்ட வெள்ளைச் சட்டையில், கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போட்டோவில் இருப்பதைவிட மூக்கு கொஞ்சம் பெரிது. அடுத்த நொடியே கோப்பு, தோடியின் கழுத்தைப் பிடித்துத் திருகியது மாதிரி 'படக்' என்று நின்றது.

ஐந்து பேரும் கண்ணைத் திறந்து ஒலிபெருக்கியைப் பார்த்தார்கள். "டேப்புக்கு ஸ்பூல் மாத்தறாங்க," என்றார் காரியதரிசி. "ரெண்டு நிமிஷம் பொறுத்துக்கங்க."

அந்த இரண்டு நிமிஷம் பதினோரு நாள் நீண்டது.

நாற்காலியில் இருந்தவர் துளசிமணியைப் பார்த்து, "அக்கா, வெரல்ல ரத்தம் வருதுங்க. மஞ்சத்தூள் வையுங்க," என்றார். ஐம்பத்தெட்டு வயதுத் துளசிமணிக்கு அவரைத் தம்பி என்று கூப்பிட நாக்கு வளையவில்லை, அப்பா என்று கூப்பிட்டால் அவர் பயந்துவிடுவார். அதனால் "ஏனுங்க, காப்பி குடிக்கறீங்களா?" என்றாள். அந்தப் பதினோரு நாளும் 'ஏனுங்க' தவிர வேறு ஒரு சொல்லால் அவள் அவரைக் கூப்பிடவில்லை.

எதிர்வீட்டு ஜமுனா தோசை மாவு கொடுக்க வந்தாள். ஐந்து பேரையும் பார்த்தாள், விஷயத்தைக் கேட்டாள், "அப்ப மாவு பத்தாதே," என்று சொல்லிவிட்டு இன்னொரு பாத்திரம் எடுக்கப் போனாள். அவ்வளவுதான் அந்தக் குடியிருப்பின் ஆச்சரியம். மேல்மாடிக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, சொந்தக்காரங்களா என்று கேட்டார்கள். ஒருத்தர் மட்டும் சொந்தம், மற்றவர்கள் கூட வந்தவர்கள் என்று ஜமுனா சொன்னதும், ராமநவமிக்கு வந்தவர்களுக்குப் பானகம் இல்லாமலா என்று ஒருத்தி வெல்லத்தைக் கரைக்க ஆரம்பித்துவிட்டாள்.

சங்கடப்பட்டவர் ஒருவர்தான், நலச் சங்கச் செயலாளர் பழனிவேலு. அவர் ஓய்வுபெற்ற நில அளவையர். எதையும் நாலு எல்லைக்குள் நிறுத்தாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. விருந்தினர் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வந்து, பெயர், ஊர் என்று எழுதி, 'வருஷம்' என்று புதிதாக ஒரு பத்தியைக் கோடு போட்டுச் சேர்த்து, எழுபத்திரண்டு என்று ஐந்து தடவை எழுதினார்.

"வண்டி நம்பருங்க?" என்று காரியதரிசியைக் கேட்டார்.

"எம்.டி.இ. நாலு நாலு ஒண்ணு ரெண்டு. ஆனா அது என்ற வண்டி இல்லீங்க. அது யாரு வண்டின்னுதான் நானும் கேட்டுட்டு இருக்கறேன்."

"எப்பக் கெளம்புவீங்க?"

ஐந்து பேரும் ஒரே குரலில், மங்களம் பாடியதும் என்றார்கள். பழனிவேலு அதை அப்படியே எழுதிக்கொண்டார். அவருக்கு மங்களம் என்றால் என்னவென்று தெரியாது. தொட்டியில் தண்ணீர் எவ்வளவு என்பதுதான் தெரியும். கச்சேரி கேட்க உட்கார்ந்தவன் கடைசிப் பாட்டான மங்களம் கேட்காமல் எழுந்திருந்தால் அதைவிட அவச்சொல் வேறு இல்லை என்று இருமல்காரர் அவருக்கு விளக்கினார், விளக்கும்போது நாலு தடவை இருமினார். அன்று மதியம் துளசிமணி வீட்டில் சாப்பிட்டுவிட்டு மூன்று சொம்பு தண்ணீர் குடித்துப் போன பழனிவேலு, இந்த விருந்தால் குடியிருப்பின் தண்ணீர்ச் செலவு இரட்டிக்கும் என்று பொதுக்குழுவைக் கூட்டிப் பேசினார். பொதுக்குழு, விருந்தாளிகளை ஆளுக்கு ஒரு வீடு முறைவைத்துப் பார்த்துக்கொள்வது என்று தீர்மானித்தது. சென்னியப்பனை மட்டும் துளசிமணியிடமே விட்டுவிடுவது என்று ஒரு மனதாகச் சேர்த்துக்கொண்டது.

நாள் போகப்போக, அவர்கள் இல்லாமல் அந்தக் குடியிருப்பு எப்படி நடந்தது என்று கேட்கும் அளவுக்கு ஆகிவிட்டது. காரியதரிசி பிள்ளையார் கோயில் மைக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டார். "சி பிளாக் ஆறாம் நம்பர் வீட்டில் குக்கர் ஏழாவது விசில் அடித்துவிட்டது, உரியவர்கள் உடனே வரவும்" என்று அவர் கணீரென்று சொன்னால், ஆறாம் நம்பர் மட்டுமல்ல, எல்லா வீட்டுக்காரர்களும் அடுப்படிக்கு ஓடினார்கள். கிசுகிசுத்த பெண்கள் இருவரும் வீடு வீடாகப் போய் நகை பார்த்தார்கள். ஜமுனாவின் மாமியார் பரம்பரைச் சொத்து என்று கொடுத்த அட்டிகையை வெளிச்சத்தில் பிடித்து, "கெம்பு இல்லடி, கண்ணாடி," என்று ஒருத்தி மற்றவள் காதில் சொன்னது மூன்று வீட்டுக்குக் கேட்டது. ஜமுனாவும் மாமியாரும் மூன்று நாள் பேசிக்கொள்ளவில்லை, நாலாவது நாள் இரண்டு பேரும் சேர்ந்து நகைக்கடைக்காரனைத் திட்ட ஆரம்பித்ததும் வீடு முன்னைவிட ஒற்றுமையாகிவிட்டது.

இருமல்காரரைக் கீழ்த்தளத்து மருத்துவரிடம் கூட்டிப் போனார்கள். பிறந்த வருஷம் தொள்ளாயிரத்து ஒன்பது என்றார். மருத்துவர் நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்து, நூற்றுப் பதினைந்து வயதுக்கு நுரையீரல் பரவாயில்லை என்று சொல்லி ஒரு மருந்து எழுதினார். மூன்றாம் நாள் இருமல் நின்றது. அன்று சாயங்காலமே, கச்சேரிப் பித்தர்கள் கூடுகிற இணையக் களத்தில் தோடிப்பிரியன் என்ற பெயரில் ஒருவர் எழுதியிருந்தார்: "பவானி எழுபத்திரண்டு பாகம் ஒன்றில் இருமலை நீக்கிய புண்ணியவான் யார்? என்னிடமிருந்த பிரதியிலும் இருமல் காணோம்." துளசிமணி கோப்பைத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். இருமல் இருந்த இடமெல்லாம் சுத்தமாக இருந்தது. அதிலிருந்து, இங்கே நடப்பது அங்கே போய்ச் சேர்கிறது என்று குடியிருப்பில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, அதற்காக யாரும் வேலையை நிறுத்தவில்லை.

துளசிமணிக்கு அந்த நாட்கள் எப்படி இருந்தன என்று சொல்ல வேண்டியதில்லை. அவள் அப்பாவின் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, தொலைபேசி நிலையத்தில் இருந்த மாதிரியே அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் ஜமக்காளத்தின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்து, இது எங்கூரு நெசவுங்க, ஆனா நூலு திருட்டு நூலு என்றார். எதைச் சமைத்துப் போட்டாலும் முதல் வாய்க்கே 'அடடடா' என்றார். பிறகு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டு அடுத்த வாய்க்குப் போனார்.

"என்ற பொண்ணுக்கு ஆறு வயசுங்க்கா," என்றார் ஒருநாள் ரசம் சாதத்தின்போது. "ரசத்துல கெடக்கற தக்காளியத் தின்ன மாட்டா. ஒதுக்கி ஒதுக்கி வெப்பா. அவங்கம்மா திட்டுவா."

தட்டு ஓரத்துக்குத் தக்காளியை ஒதுக்கிக்கொண்டிருந்த துளசிமணி, அதை எடுத்து வாயில் போட்டு மெல்லாமல் விழுங்கினாள்.

ஐந்தாம் நாளிலிருந்து அவர் முகம் வாடியது. கச்சேரிக்குக் கிளம்பும்போது பிள்ளைக்குக் காய்ச்சல் இருந்ததாம், போக வேண்டாம் என்று வீட்டில் சண்டையாம், மங்களம் பாடியதும் பறந்து வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு வந்தாராம். துளசிமணிக்கு அந்த இரவு நினைவிருந்தது: கயிற்றுக் கட்டிலில் கொதித்துக்கொண்டு, வாசலில் அப்பாவின் செருப்புச் சத்தம் வருகிறதா என்று கேட்டபடி படுத்திருந்தது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்பதை அவள் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டாள்.

ஆறாம் நாள் சென்னியப்பன் சொல்லாமல் கொள்ளாமல் பவானி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டு, மத்தியானம் திரும்பி வந்து, படியிலேயே உட்கார்ந்தார்.

"ஊரு இருக்குதுங்க. கோயிலு இருக்குது, ஆறு இருக்குது. வீடு இருந்த எடத்துல செல்போனு கடை இருக்குதுங்க்கா. அந்தப் பையன் எனக்கு ஏதோ கார்டு வேணுமான்னு கேக்கறான்." வேட்டியில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கச்சேரி முடியாம நடந்தா நம்ம வீடு வந்து சேராது போல இருக்குதுங்க. மங்களம் வழியாத்தான் போகோணும்."

இதற்கிடையில் பழனிவேலு பாகம் இரண்டைத் தேட ஆரம்பித்திருந்தார். தொட்டித் தண்ணீரைக் காப்பாற்றத்தான் ஆரம்பித்தார். முதல் நாள் பச்சைப் பொத்தானை அமுக்கி மூன்று கைபேசி பரிசு வாங்கினார், இரண்டாம் நாள் சாம்பல் பொத்தானைக் கண்டுபிடித்தார், மூன்றாம் நாள் ஒரு கோப்பைத் திறந்து, இது அதுதானா என்று சோதிக்க ஐந்து நிமிஷம் கேட்டவர், முடியும்வரை எழுந்திருக்கவில்லை. ஏழாம் நாள் சங்க வரி வசூலுக்கு வந்த இடத்தில் ஜமுனாவிடம், "கல்யாணியையும் தோடியையும் ஒரே எல்லைக்கல்லுல நிறுத்தப் பாக்கறாங்கம்மா, அது தப்பு," என்று சொல்லிவிட்டு வரியை வாங்காமல் போனார்.

பாகம் இரண்டு தூத்துக்குடியில் ஒருவரிடம் இருந்தது. சேகரிப்பவர்கள் யாரும் காசு வாங்க மாட்டார்கள், ஆனால் சும்மாவும் தர மாட்டார்கள். ஒன்று கொடு, ஒன்று எடு என்பதுதான் அங்கே சட்டம். இந்தத் தூத்துக்குடிக்காரர் பாட்டைச் சேகரிப்பவர்கூட இல்லை. கச்சேரிகளில் நடக்கும் அறிவிப்புகளை மட்டும் சேகரிப்பவர். மங்களத்துக்குப் பிறகு வரும் நன்றியுரை, தொலைந்துபோன குடை, கண்டெடுத்த கொலுசு, இவைதான் அவருக்குக் கச்சேரி. மற்றவர்கள் மங்களத்தோடு வெட்டி எறியும் வாலை அவர் வெட்டாமல் வைத்திருந்தார். பழனிவேலு பிள்ளையார் கோயில் மைக்குக்குப் பக்கத்தில் கைபேசியை வைத்து, காரியதரிசியின் ஒரு முழு நாள் அறிவிப்புகளைப் பிடித்து அனுப்பினார். குக்கர் ஏழாவது விசிலைக் கேட்டுத் தூத்துக்குடிக்காரர் அழுதுவிட்டாராம். பத்தாவது நிமிஷத்தில் பாகம் இரண்டு வந்து இறங்கியது.

ஒன்பதாம் நாள் காலை பழனிவேலு அதை ஒரு பென்டிரைவில் போட்டுக்கொண்டு வந்து துளசிமணியின் கையில் வைத்தார். "கெடச்சிருச்சுங்க்கா. மங்களம் முழுசா இருக்குதுன்னு தூத்துக்குடிக்காரரு சொன்னாரு. நான் போட்டுக் கேக்கலீங்க. அவங்களை அனுப்பற வேலை உங்களுதுதான்."

துளசிமணி நன்றி சொல்லி வாங்கி, உள்ளே போய், அரிசி டப்பாவின் அடியில் புதைத்து வைத்தாள். நாலாயிரத்து இருநூறு கச்சேரியில் தேடி எடுத்தவரை அஞ்சு நிமிஷ மங்களத்துக்குத் தாரைவார்க்க அவளுக்கு என்ன தலையெழுத்து? திருடினவள் மாதிரி வாசலைப் பார்த்துவிட்டு அவள் டப்பாவின் மூடியை இறுக்கி மூடினாள்.

அன்று மத்தியானம் ஜமுனாவோடு புளி கொட்டை எடுத்துக்கொண்டிருக்கும்போது, சென்னியப்பன் ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். "இவர் தோளைப் பாத்தா எனக்கு அந்த ஆடிப் பதினெட்டு..." என்று ஆரம்பித்த துளசிமணி நின்றுவிட்டாள். "ஆடிப் பதினெட்டுல என்ன? ஏதோ சொல்ல வந்தேன்."

"கச்சேரிக்கு அப்பறம் வந்த ஆடிங்க," என்றாள் ஜமுனா. அவள் அந்தக் கதையை நூறு தடவை கேட்டவள். "உங்களைத் தோள்ல தூக்கி வெச்சுக் கூடுதுறையில வெள்ளம் காட்டுனாருன்னு சொல்லுவீங்களே. ஒரு தேங்கா மெதந்து போச்சு, நீங்க அது வேணும்னு அழுதீங்க, அவரு செருப்போட தண்ணிக்குள்ள எறங்குனாரு."

"எனக்கு அது ஞாபகம் இல்லையே ஜமுனா."

"சரி, காச்சலடிச்சப்ப பொட்டணத்துல சுண்டல் கொண்டாந்து குடுத்தாருன்னு சொல்வீங்களே, அதுல இஞ்சி வாசம் வரும்னு?"

துளசிமணி புளியைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தாள். கட்டில் நினைவிருந்தது, காய்ச்சல் நினைவிருந்தது, செருப்புச் சத்தத்துக்குக் காத்திருந்தது நினைவிருந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. கச்சேரிக்குப் பிறகு அவர் இருந்த பதினைந்து மாதத்தில் அவளுக்குச் சொந்தமாக இருந்ததே ஏழோ எட்டோ நினைவு. அவர் இங்கே தங்கத் தங்க, அங்கே ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டிருந்தது. அங்கே ஆறு வயதுப் பிள்ளை ஒன்பது நாளாகக் காய்ச்சலோடு காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தது. அவள் அப்போது அழுதாள், ஜமுனா புளிக்கையோடு அவளைப் பிடித்துக்கொண்டாள், இரண்டு பேர் புடவையும் பாழாயிற்று.

பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. துளசிமணி சொன்னபடி காலையிலேயே காரியதரிசி அறிவித்தார்: "தடைப்பட்ட கச்சேரி இன்று காலை பத்து மணிக்குத் தொடரும். அனைவரும் வருக. செருப்புகளை வரிசையாக விடவும்." சி பிளாக் முழுவதும் வந்து, ஹால் நிறைந்து, படிக்கட்டு நிறைந்து, பழனிவேலு முதல் வரிசையில் கால்மேல் கால் போடாமல் உட்கார்ந்தார். பானகமும் நீர்மோரும் சுற்றி வந்தன. துளசிமணி அரிசி டப்பாவில் முழங்கைவரை கையை விட்டுப் பென்டிரைவை எடுத்து, ஒட்டியிருந்த தவிட்டை ஊதிவிட்டுச் சொருகினாள்.

தோடி விட்ட இடத்திலிருந்து எழுந்து வந்தது. சென்னியப்பன் இரண்டு தடவை 'அடடடா' போட்டார், மூன்றாம் தடவை பழனிவேலுவே போட்டுவிட்டு வெட்கப்பட்டார். கச்சேரி முடிகிற நேரத்துத் துக்கடாக்கள் ஆரம்பித்ததும் துளசிமணி அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "ஏனுங்க, ஒண்ணு சொல்றேன். அடுத்த வருஷம் ஆடியில ஆத்துல எறங்காதீங்க," என்றாள்.

"சரிங்க்கா," என்றார். அந்தச் 'சரி'யை, அவர் இருந்தவரை அம்மா கேட்டுச் சலித்திருக்கிறாள். அதற்கு அர்த்தம் கேட்கமாட்டேன் என்பதுதான் என்று துளசிமணிக்கும் தெரியும்.

மங்களம் ஆரம்பித்தது. ஐந்து பேரும் எழுந்து, மேல்துண்டை உதறி, முந்தானையைச் சரிசெய்துகொண்டார்கள். கிசுகிசுத்தவள் கடைசியாக ஒருமுறை ஜமுனாவின் கழுத்தைப் பார்த்துத் தலையசைத்தாள். சென்னியப்பன் வாசல்வரை போய்த் திரும்பி, அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"போயிட்டு வரனுங்க," என்றார்.

"மொளகு ரசம் வெச்சுக் குடுங்க புள்ளைக்கு," என்றாள் துளசிமணி. "தக்காளி போடாதீங்க."

மங்களத்தின் கடைசி வரி நின்றபோது நாற்காலி காலியாக இருந்தது. ஜமக்காளத்தையும் காணோம், சபா சொத்து என்று நினைத்துக் காரியதரிசி மடித்து எடுத்துப்போயிருந்தார். அதில் உட்கார்ந்திருந்த ஏழெட்டுப் பேர் வெறுந்தரையில் இருந்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை, ஏனென்றால் திரையில் இன்னும் ஒரு நிமிஷம் நாற்பது வினாடி பாக்கி இருந்தது.

ஒலிபெருக்கியில் காரியதரிசியின் குரல் வந்தது. வித்துவான்களுக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், வெளியூர் சி பிளாக் அன்பர்களுக்கும் நன்றி சொன்னது. ஒரு கறுப்புக் குடை கிடைத்திருக்கிறது என்றது. பிறகு மைக்கை அணைக்க மறந்துவிட்டார்கள். நாற்காலி இழுக்கும் சத்தம், பாத்திரம் உருளும் சத்தம், அதற்கு அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளி ஒரு குரல். பழனிவேலு கையை நீட்டி எல்லாரையும் அடக்கினார். துளசிமணி கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏனுங்க, சுண்டல் ஒரு பொட்டணம் கட்டுங்க. புள்ளைக்குக் காச்சல்."

"எத்தனை வயசுங்க புள்ளைக்கு?"

"ஆறுங்க. துளசிமணின்னு பேரு." காகிதம் மடிக்கும் சத்தம் கேட்டது. "பெருசானா எப்படி இருப்பான்னு இப்பத்தான் பாத்துட்டு வாரனுங்க. நல்லா இருக்கறா. நாலு பேரு சுத்தி இருக்கறாங்க. உப்புத்தான் கொஞ்சம் தூக்கலாப் போடறா, சொல்லுலாமான்னு பாத்தேன், மனசு வரலீங்க."

செருப்புச் சத்தம் வேகமாகத் தூரப் போயிற்று. டேப் தீர்ந்தது.

துளசிமணிக்கு முதலில் இஞ்சி வாசம் வந்தது, பிறகு காகிதத்தின் சூடு உள்ளங்கையில் வந்தது, பிறகு வெள்ளத்தில் தேங்காய் ஒன்று மிதந்து வந்தது. அவள் எழுந்து, வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டி அடுப்படிக்குப் போய், காலையில் வைத்த ரசத்தில் ஒரு கரண்டி எடுத்து வாயில் ஊற்றிப் பார்த்தாள். உப்புத் தூக்கல்தான்.